நான்காவது எழுத்து

மூன்றாவது முறையாகத் திரும்பி வந்த பல்செட்டைக் கையில் வாங்கியதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இருபத்திரண்டு வருடமாகப் பல் கட்டுகிறேன். என் வேலை ஒருமுறை திரும்பி வந்தாலே அன்றைக்குச் சோறு இறங்காது. டாக்டரோ, "நூறு வரைக்கும் எண்ணச் சொன்னேன், பிசிறே இல்ல. ஏதோ ஒரு எழுத்து மட்டும் வரலையாம். நீங்களே பேசிக்குங்க" என்று என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார். என் அறைக்கு நோயாளிகள் வருவதே இல்லை. பிளாஸ்டர் தூசு படிந்த ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன்.

வந்தவர் ஆலிமா. பெண்களுக்கு அரபி ஓதக் கற்றுக்கொடுப்பவர். என்னைவிட நாலைந்து வயது இளையவர். மாடிப்படியில் விழுந்து மேல்வரிசை முன்பல் நாலும் போய், நான் கட்டிக் கொடுத்திருந்தேன்.

"தமிழ்ல எல்லாம் வருதுக்கா. அரபியில நாலாவது எழுத்து மட்டும் வேற எழுத்தா மாறிடுது. திங்கக்கிழமை புது வகுப்பு. நாப்பது பேரு என் வாயைப் பாத்துத்தான் கத்துக்குவாங்க. நான் தப்பா சொன்னா நாப்பது வாயிலயும் தப்பு ஏறிடும். வரலன்னா வகுப்பை விட்டுட வேண்டியதுதான்."

ஒரு எழுத்துக்கா இந்தப் பாடு என்று வாய்வரை வந்துவிட்டது. ஆனால் நான் கட்டிய பல்லை வைத்துக்கொண்டு சொல்ல முடியாத எழுத்து அப்படி என்னதான் எழுத்து என்கிற குறுகுறுப்பு கோபத்தை முந்திக்கொண்டது. எழுதிக் காட்டச் சொன்னேன். மேசையில் கிடந்த பழைய பிளாஸ்டர் அச்சின் அடிப்பக்கத்தில் பென்சிலால் எழுதினார். தட்டையான ஒரு கிண்ணம், மேலே மூன்று புள்ளி. அவ்வளவுதான். நானும் எழுதினேன். "வலது பக்கத்துலேருந்து வரணும்கா" என்றார். அப்படி எழுதினால் கிண்ணம் குடைசாய்ந்தது. அந்த எழுத்தின் பெயரைத் தமிழில் எழுதினால் 'ஸா' என்று வருமாம், அதுவும் தப்பாம்.

"நாக்கு நுனியை மேல்பல் விளிம்புல மெத்துனு வச்சுக் காத்தை விடுங்க."

விட்டேன்.

"இது பாம்பு."

மறுபடி விட்டேன்.

"இது பஞ்சரான டயரு."

இருவரும் சிரித்துவிட்டோம். ஏழாவதோ எட்டாவதோ தடவை, "அதேதான்கா, அதேதான்!" என்று கைதட்டினார். பரீட்சையில் பாஸானதுபோல் எனக்கு முகமெல்லாம் பூரிப்பு. அப்போதுதான் என் நாக்கு எங்கே நிற்கிறது என்று கவனித்தேன். பல்லைத் தாண்டி வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

செட்டின் உட்புறத்தில் பவுடர் தூவி, மாட்டிக்கொண்டு சொல்லச் சொன்னேன். கழற்றிப் பார்த்தால் பவுடர் அழிந்திருந்தது பல்லுக்குப் பின்னால். விளிம்பில் அப்படியே இருந்தது. நாக்கு வெளியே வர வழியே இல்லை. கோப்பில் இருந்த அவருடைய பழைய புகைப்படத்தை எடுத்தேன். முன்பல் நாலும் தூக்கலாக நின்றன. பாவம், இனிமேலாவது லட்சணமாக இருக்கட்டுமே என்று, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே தள்ளி வரிசையாக வைத்தவள் நான்தான். வெட்கமாகப் போய்விட்டது.

"தப்பு என் மேலதாம்மா. பழையபடி தூக்கி வச்சா வந்துடும்."

அவர் கைக்கண்ணாடியை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இந்த ஒரு மாசமாத்தான்கா வாயைப் பொத்தாம சிரிக்கிறேன்" என்றார்.

"கொஞ்சமா வெளிய தள்ளிப் பாக்கலாம். அதுலயே வந்தாலும் வந்துடும்" என்றேன். அவர் கண்ணாடியை மேசையில் வைத்தார்.

பற்களைப் பிரித்து மெழுகில் நிறுத்தி, நூலளவு வெளியே தள்ளி மாட்டினேன். சொன்னார். வரவில்லை என்று இப்போது என் காதுக்கே தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம்" என்றார்.

தள்ளினேன். ஏறக்குறைய வந்துவிட்டது, முகமும் அவ்வளவாகக் கெடவில்லை. இதோடு விட்டுவிடலாமே என்று எனக்கு ஆசையாக இருந்தது.

"போதுமா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம்கா."

இளகிய மெழுகில் கட்டைவிரலை வைத்து அழுத்தி, மறுபடி மாட்டினேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார். நாக்கு நுனி பல்லைத் தாண்டி எட்டிப் பார்த்தது. உதட்டருகே நின்ற என் விரல்நுனியில் மெல்லக் காற்று பட்டது.