நாட்டின் முதல் தவளைக் காப்பு ஊராட்சி

தவளை என்று முதலில் சொன்னது தீப்நாராயணா, நானா என்பதில் எனக்கு இன்று நிச்சயமில்லை. நடந்து பதினாறு வருஷம் ஆகிறது. அறை நினைவிருக்கிறது. அன்று பெய்த மழை நினைவிருக்கிறது. படிக்கட்டுக்கு அடியில் தேங்கிய தண்ணீரில் ஒரு தவளை உட்கார்ந்திருந்ததும் நினைவிருக்கிறது. அந்தச் சொல் யார் வாயிலிருந்து வந்தது என்பது மட்டும் இல்லை. ஒரு காலத்தில் அது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

பட்னாவில், முசல்லாபூர் ஹாட்டில், ஒரு மாடி அறையில் நாங்கள் இருவரும் அரசுத் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டு நான்கு வருஷம் இருந்தோம். தீப்நாராயண் மண்டல் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். அதனால் பையா என்று கூப்பிடுவேன். அந்தப் பக்கத்தில் அண்ணன் என்றால் பையா. சுவர் முழுக்க ஆளுநர்களும் தலைமைச் செயலர்களும் உலக அமைப்புகளின் தலைவர்களும் தாள்களாக ஒட்டப்பட்டிருந்தார்கள். ஆள் மாறினால் பழைய தாளைக் கிழிக்க மாட்டோம், அதன் மேலேயே புதிய பெயரை ஒட்டுவோம். ஒரு மாநிலத்தின் ஆளுநர் மட்டும் சுவரிலிருந்து ஒரு விரல் கனத்துக்குத் துருத்திக்கொண்டிருந்தார். இரவில் விளக்கை அணைக்கப் போகும்போது என் தோள் அவர்மேல் இடிக்கும்.

மாதாமாதம் தீப்நாராயண் நடப்பு நிகழ்வுகள் புத்தகம் ஒன்று தயாரித்தார். நாற்பத்தெட்டு பக்கம். அவர் நாலு நாளிதழ் படித்துக் கோடு போடுவார், நான் அதைச் சுருக்கி எழுதுவேன், கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த லல்லன்ஜி அச்சடித்து விற்பார். அறை வாடகை அதில்தான் போயிற்று. எங்கள் புத்தகம் வந்த நாலாம் நாள் ஓஜா சாரின் பயிற்சி வகுப்பிலிருந்து இன்னொரு புத்தகம் வரும். அட்டை பளபளப்பாக இருக்கும். உள்ளே எங்கள் வாக்கியங்கள், எங்கள் வரிசையில். ஒரு முறை இறந்துபோன விஞ்ஞானி ஒருவரின் வயதை எண்பத்தேழுக்குப் பதில் எழுபத்தெட்டு என்று தவறாக எழுதிவிட்டேன். ஓஜா சாரின் புத்தகத்திலும் அவர் எழுபத்தெட்டிலேயே இறந்தார்.

"திருடுறவன் ஒரு தடவை படிச்சாவது பாக்கக் கூடாதா?" என்றார் தீப்நாராயண்.

ஆகஸ்ட் மாதப் புத்தகம் முடிகிற நாள் அது. வெளியே மழை. அவர் நாளிதழை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்:

"ஒரு பொய்யைப் போடுவோம். அவன் புத்தகத்துலயும் வந்துதுன்னா கையும் களவுமா பிடிச்ச மாதிரி."

"என்ன பொய்? விருது?"

"விருதுன்னா வாங்குனவன்னு ஒருத்தன் இருக்கணும். அவனைத் தேடிக்கிட்டு எவனாவது போவான். யாரும் சரிபாக்கப் போகாத பொய்யா இருக்கணும்."

"அப்போ ஊரு. நாட்டின் முதல் ஏதோ ஒண்ணு."

"எங்க ஊரையே போடு. எவனாவது வந்து கேட்டாலும் அங்க முகியா எங்க சாச்சாதான். சமாளிச்சுப்பாரு."

முகியா என்பது ஊராட்சித் தலைவர், சாச்சா என்றால் சித்தப்பா. அதற்குப் பிறகுதான் தவளை வந்தது. முப்பத்தொன்றாம் பக்கத்தில், விருதுகளுக்கும் மறைவுகளுக்கும் நடுவில், என் கையெழுத்தில் எழுதினேன்: நாட்டின் முதல் தவளைக் காப்பு ஊராட்சி — சிர்சௌலி, பீகார்.

நாலாம் நாள் ஓஜா சாரின் புத்தகத்தில் சிர்சௌலி வந்தது. இருபத்தேழாம் பக்கம். இரண்டு புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போனோம். வாயில் வெற்றிலை இருந்ததால் அவர் முகத்தைக் கொஞ்சம் மேலே தூக்கியபடியே பேசினார்.

"செய்தி என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா? பேப்பர்ல வருது. நீயும் படிக்கிற, நானும் படிக்கிறேன்."

"இது எந்தப் பேப்பர்ல வந்துது சார்?" என்றார் தீப்நாராயண், விரலை சிர்சௌலியில் வைத்து.

"நீ எந்தப் பேப்பர்ல படிச்சியோ அதுல."

அது பொய், நாங்கள் இட்டுக்கட்டியது என்று சொன்னால் ஓஜா சார் மாட்டிக்கொள்வார். ஆனால் அறைக்கு வெளியே எங்கள் புத்தகத்தையும் கையில் வைத்துக்கொண்டு எழுபது பேர் வகுப்புக்காகக் காத்திருந்தார்கள். தீப்நாராயண் விரலை எடுத்துக்கொண்டார். "சரிங்க சார்" என்றார். 

அடுத்த மாதப் புத்தகத்தில் ஒரு திருத்தம் போடலாம் என்று தீப்நாராயண் சொன்னபோது லல்லன்ஜி இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"திருத்தமா? முப்பத்தொண்ணாம் பக்கம் பொய்னு சொன்னா முப்பதாம் பக்கத்தை எவன் நம்புவான், தம்பி? பேசாம விடு. தவளைதான. யாரு கேக்கப் போறா."

விட்டோம். டிசம்பருக்குள் இன்னும் ஐந்து புத்தகங்களில் சிர்சௌலி வந்துவிட்டது. ஒன்றில் பதினேழு வகைத் தவளைகள் என்று இருந்தது. இன்னொன்றில் பரப்பளவு இருந்தது. அந்தப் புத்தகங்களைத் தீப்நாராயண் வாங்கிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார். ஒரு முறை மட்டும், "பதினேழா?" என்றார்.

பிப்ரவரியில் அண்டை மாநிலம் ஒன்றின் ஆட்சிப் பணித் தேர்வு நடந்தது. அந்த மாநிலத்தின் பெயரை எழுதப் போவதில்லை. இன்றும் எனக்குச் சம்பளம் அங்கேதான். வயது வரம்பின்படி தீப்நாராயணுக்கு அது கடைசித் தேர்வு. அதற்கு முன் ஏழு தேர்வுகள் எழுதியிருந்தார், இரண்டில் நேர்முகம் வரை போயிருந்தார். அந்த ஜனவரி முழுக்க அவர் அறையை விட்டு இறங்கியது குளிக்கவும் சத்துமாவு வாங்கவும் மட்டும்.

நூற்றைம்பது கேள்விகள். சரியான விடைக்கு ஒரு மதிப்பெண், தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு பிடிப்பார்கள். நூற்றுப் பன்னிரண்டாவது கேள்வி: நாட்டின் முதல் தவளைக் காப்பு ஊராட்சி எது? ஏ-யில் சிர்சௌலி. பி-யிலும் சி-யிலும் வேறு ஊர்கள். டி: மேற்கண்டவற்றில் எதுவுமில்லை.

நான் கேள்வியை இரண்டு முறை படித்தேன். கேட்டவரும் எதையோ படித்துத்தானே கேட்டிருப்பார் என்று நினைத்தேன். ஏ-யைக் கறுப்பாக்கினேன். அந்தத் தேர்வில் நான் அவ்வளவு சீக்கிரமாகப் போட்ட விடை வேறில்லை.

தேர்வு முடிந்து வெளியே, மாவு அடைத்துச் சுட்ட உருண்டை விற்கும் லிட்டிக் கடையில் எல்லோரும் விடைகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் மாடியிலேயே இருந்த ஒருவன் கத்திக்கொண்டு வந்தான்.

"தீப் பையா, உங்க தவளை வந்துடுச்சு! ஒரு மார்க்கு, சும்மா கிடைச்சுது. லிட்டி என் செலவு."

"நான் டி போட்டேன்" என்றார் தீப்நாராயண்.

"டி-யா? உங்க புத்தகத்துலயே இருக்கே. முப்பத்தொண்ணாம் பக்கம். எழுதுனவரே மறந்துட்டா எப்படி பையா?"

எல்லோரும் சிரித்தார்கள். தீப்நாராயண் லிட்டியைப் பிட்டு, உள்ளே இருந்த மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ?"

"ஏ" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கோபம் ஒன்றுமில்லை. கணக்கில் ஒரு படியைச் சரிபார்த்தவர் ஆட்டுவது போல ஆட்டினார்.

அறைக்கு வந்த பிறகு நான் கேட்டேன், "ஏன் பையா டி போட்டீங்க? எல்லாப் புத்தகத்துலயும் ஏ-தான்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். கை போகல" என்றார்.

பத்து நாளில் தேர்வாணையம் தற்காலிக விடைக்குறிப்பு வெளியிட்டது. நூற்றுப் பன்னிரண்டு: ஏ. அதை வைத்து ஒவ்வொருவரும் தம் மதிப்பெண்ணைக் கணக்கிட்டோம். எனக்குத் தொண்ணூற்று நாலும் மூன்றில் ஒன்றும். அவருக்குத் தொண்ணூற்று மூன்று. தேர்ச்சிக்கான கட்-ஆஃப் தொண்ணூற்று நாலு, அதற்குக் கீழே வெட்டுவார்கள் என்று ஓஜா சார் கணித்துச் சுவரில் ஒட்டியிருந்தார். அந்த விஷயத்தில் அவர் தவறியதில்லை, அது அவருடைய சொந்தச் சரக்கு. விடை டி என்று மாறினால் எனக்குத் தொண்ணூற்று மூன்று ஆகும், அவருக்குத் தொண்ணூற்று நாலும் மூன்றில் ஒன்றும் ஆகும். இந்தக் கணக்கை அவர் ஒரு துண்டுத்தாளில் போட்டார். எதிர்க்கட்டிலில் நானும் போட்டேன். இருவரும் காட்டிக்கொள்ளவில்லை.

ஆட்சேபம் தெரிவிக்க ஏழு நாள் கொடுத்திருந்தார்கள். ஆதாரம் இணைக்க வேண்டும். ஒன்று இல்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, ஊராட்சியிலேயே எழுதி வாங்கலாம் என்று முடிவு செய்தார். நானும் கூடப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. கூப்பிட்டார், போனேன்.

சஹர்சாவிலிருந்து ஜீப்பில் போய் இறங்கினால், ஊர் எல்லையில் பச்சை வண்ணத்தில் ஒரு பலகை நின்றது. நாட்டின் முதல் தவளைக் காப்பு ஊராட்சி, சிர்சௌலி, தங்களை அன்புடன் வரவேற்கிறது. கீழே முகியாவின் பெயர். ஓரத்தில் ஒரு தவளை வரைந்திருந்தார்கள். தீப்நாராயண் பலகையை முழுக்கப் படித்தார். பின்பக்கம் போயும் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை.

சாச்சா எங்களுக்கு அவலும் தயிரும் கொடுத்தார்.

"நவம்பர்ல வட்டார அதிகாரி வந்தாரு. புதுசா வேலைக்குச் சேர்ந்தவரு, பரீட்சைக்குப் படிச்சவரு. கையைக் குலுக்கி, சிர்சௌலின்னா இதுதானா, படிச்சிருக்கேனேன்னாரு. இந்த ஊருக்கு எவன் வந்து கை குலுக்கியிருக்கான்? இல்லீங்கன்னா சொல்லச் சொல்ற?"

"அதுக்காக பலகையா சாச்சா?"

"பலகை மட்டுமா? தீர்மானமே போட்டாச்சு. டிசம்பர் பன்னெண்டு. குளத்தைச் சுத்தி மூங்கில் வேலி போட்டாச்சு. ரோடு போடுறேன்னு சொல்லியிருக்காங்க."

"அப்படி ஒண்ணு இல்லவே இல்ல சாச்சா. அது நான் எழுதுன பொய்."

சாச்சா அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் தயிர் ஊற்றினார். "நீ எழுதுனியா? நல்ல காரியம் பண்ண. படிக்கப் போறேன்னு போய் இத்தனை வருஷத்துல ஊருக்கு இதையாவது பண்ணியே."

"இல்லன்னு ஒரு கடுதாசி வேணும். என் வேலை இதுல இருக்கு."

"இருக்குன்னு எத்தனை வேணும்னாலும் தரேன், தீபு. இல்லன்னு எப்படித் தருவேன்? பலகையை யாரு கழட்டுவா?"

கிளம்பும்போது குளத்தைக் காட்டினார். வேலி நன்றாகக் கட்டியிருந்தது. தவளை எங்கே என்று கேட்டேன். வேலிக்குக் குழி தோண்டியதில் போய்விட்டன, மழைக்கு வரும் என்றார்.

சஹர்சாவிலிருந்து ரயிலில் திரும்பினோம். பட்னா விளக்குகள் தெரிந்தபோது தீப்நாராயண் சொன்னார்: "ஒரு வழி இருக்கு. நானே இட்டுக்கட்டினேன்னு உறுதிமொழிப் பத்திரம் கொடுக்கறேன். எழுதும்போது கூட இருந்த சாட்சின்னு நீ ஒரு கையெழுத்து போடு."

மறுநாள் நீதிமன்ற வாசலில், தட்டச்சு செய்பவரின் மேசைக்கு முன்னால், பத்திரம் தயாராக இருந்தது. அவர் கையெழுத்திட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார்.

"எனக்கு ஞாபகமில்ல, பையா" என்றேன்.

"என்ன ஞாபகமில்ல?"

"எப்படி வந்துதுன்னு. ஏதாவது பேப்பர்ல பாத்து எழுதுனோமோ என்னவோ. உறுதியா தெரியாம சத்தியம் பண்ண முடியுமா?"

"குலேஷ், தவளைன்னு சொன்னதே நீதானடா."

"நானா? நீங்கதான் சொன்னீங்க."

 தட்டச்சுக்காரர் அடுத்த தாளைச் செருகிக்கொண்டார். தீப்நாராயண் பேனாவை மூடி, சட்டைப் பையில் குத்திக்கொண்டு, "பரவாயில்ல" என்றார். அன்று இரவு உலையில் எனக்கும் சேர்த்தே அரிசி போட்டார். அதற்குப் பின் நாங்கள் அந்த அறையில் இரண்டு மாதம் இருந்தோம். தவளையைப் பற்றிப் பேசவில்லை. மற்றவற்றைப் பற்றியும் அதிகம் பேசவில்லை.

சாட்சி இல்லாமலேயே பத்திரத்தை அனுப்பினார். பதில் ஒரு பக்கத்தில் வந்தது. வல்லுநர் குழு பரிசீலித்தது. விடை பல நூல்களால் உறுதிப்படுகிறது. ஆட்சேபம் ஏற்கப்படவில்லை. அந்த நூல்களின் பட்டியலில் முதலாவதாக இருந்தது எங்கள் ஆகஸ்ட் புத்தகம், பக்கம் முப்பத்தொன்று. இரண்டாவது ஓஜா சாருடையது. தொண்ணூற்று நாலில் வெட்டினார்கள்.

வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம் கழித்து ஒரு பயணத்தில்தான் ஒன்றை யோசித்தேன். விடை மாறியிருந்தால் எனக்கு மட்டுமா குறைந்திருக்கும்? ஏ போட்ட ஆயிரக்கணக்கானவர்களுக்கும் அதே அளவு குறைந்திருக்கும். வெட்டும் இடமும் கீழே இறங்கியிருக்கும். நான் கையெழுத்துப் போட்டிருந்தால் அநேகமாக இருவருமே தேறியிருப்போம். மூன்றாம் வகுப்புக் கணக்கு. அன்று நீதிமன்ற வாசலில் எனக்கு அது வரவில்லை.

லல்லன்ஜி இறந்துவிட்டார், கடையில் இப்போது கைப்பேசி பழுது பார்க்கிறார்கள். ஓஜா சார் வகுப்பு மூன்று மாடிக் கட்டடத்தில் நடக்கிறது. சாச்சா அடுத்த தேர்தலில் தோற்றார், பலகை இருக்கிறது, ரோடு வந்தது. நான் துணை ஆட்சியராக இருக்கிறேன், ஐந்து ஊர் மாறிவிட்டேன். தீப்நாராயண் மதேபுராவில் ஒரு பள்ளியில் ஒப்பந்த ஆசிரியராக வரலாறு சொல்லிக்கொடுக்கிறார். அதன் பிறகு புத்தகம் போடவில்லை. எனக்குக் கடிதமும் போடவில்லை, நானும் போடவில்லை. என் அக்கா மகள் இந்த வருஷம் பட்னாவில் படிக்கச் சேர்ந்திருக்கிறாள். முந்தைய வினாக்கள் தொகுப்பில் நூற்றுப் பன்னிரண்டுக்கு ஏ என்றுதான் இருக்கிறது. போனில் என்னிடம் ஒப்பித்தாள். சரி என்றேன்.