கலாவதி பிரித்த பார்சல்

ஐந்து வருடங்களாக அந்த வீட்டில் ஒரு சொல் பேசப்படாமலே இருந்தது. துவக்கு என்ற சொல்.

லண்டன் பக்கம் இல்ஃபோர்ட்டில் வரிசை வீடுகளுக்கு நடுவில் அவர்களுடைய வீடு. மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறைக்குள், சுவரோடு போல்ட் அடித்து இறுக்கிய இரும்புப் பெட்டி ஒன்று நின்றது. அதன் பூட்டுத் திறப்பு சண்முகராசாவிடம் மட்டும்தான் இருக்கலாம் என்பது சட்டம். அவருடைய மனைவி கலாவதி அதற்குப் பெயர் சொல்வதில்லை. "அதுக்கு முன்னால சப்பாத்தை விடாதேங்கோ" என்பாள். "அதின்ரை பக்கம் ஈரமாக் கிடக்கு, பைப் ஒழுகுதோ பாருங்கோ" என்பாள். அவ்வளவுதான்.

பெட்டிக்குள் இருந்த துவக்கு இலக்குக்குச் சுடுகிற சின்ன ரைபிள், இருபத்திரண்டு காலிபர். ஒரு முறை சுட்டதும் அடுத்த ரவையைத் தானே ஏற்றிக்கொள்ளும். அந்த வகையில் இந்த நாட்டுச் சட்டம் வீட்டில் வைத்திருக்க விடுவது இந்தச் சின்னதை மட்டும்தான். சண்முகராசாவுக்கு ஐம்பத்தொரு வயதானபோது, கூட வேலை செய்த பஸ் டிரைவர் ஒருவர்தான் அவரை இலக்குச் சுடும் கிளப்புக்குக் கூட்டிப்போனார். முதல் நாள் காதுமூடியைப் போட்டுக்கொண்டு பாயில் குப்புறப் படுத்தபோது சண்முகராசாவுக்கு ஊரின் சண்டைக்காலம் நினைவுக்கு வந்தது. ஊரில் வெடிச்சத்தம் என்றால் வேறு யாரோ முடிவு செய்வது. இங்கே அவர் மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, தானாக விரலை அசைக்கும்வரை ஒன்றும் நடக்காது. அந்த நிறுத்தத்துக்குள் ஓர் அமைதி இருந்தது. அதற்காகத்தான் ஞாயிறு தவறாமல் போனார். இலக்கில் எத்தனை ஓட்டை விழுந்தது என்பதெல்லாம் பிறகு.

துவக்குக் குழலைச் சுற்றி, இடது கை தாங்குகிற இடத்தில் ஓர் உறை இருக்கும். கிளப்பில் அதை ஹான்ட்கார்ட் என்பார்கள். அவருடையது துவக்கோடு வந்த பிளாஸ்டிக். ஆட்டம் கண்டுவிட்டது. தோள்வாரைக் கையில் சுற்றி இறுக்கினால் கொஞ்சம் நெளியும். நெளிந்தால் ரவை ஒரு விரல்கடை இடப்பக்கம் ஓடும். இரண்டு மாதமாக இணையத்தில் அலுமினியத்தில் செய்த ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். உருளையாக, நீளமாக, பாரமில்லாமல், பக்கங்களில் ஒரே இடைவெளியில் நீள்வட்டத் துளைகள். கறுப்பு தீர்ந்துபோயிருந்தது. வெள்ளி நிறத்தில் ஒன்றை ஓடர் பண்ணினார்.

மூன்றாம் நாள் பொலிஸிலிருந்து ஈமெயில் வந்தது. துவக்கு லைசென்ஸைப் புதுப்பிக்கும் காலம் வந்துவிட்டது. வியாழக்கிழமை அதிகாரி வீட்டுக்கு வருவார். வீட்டில் இருப்பவர்களோடும் பேசுவார்.

அந்தக் கடைசி வரியை அவர் பலமுறை வாசித்தார். போன முறை வந்த அதிகாரிக்குத் தேத்தண்ணி கொடுத்தபடியே கலாவதி "நோ பிராப்ளம்" என்று சொல்லியிருந்தாள். அடுத்த நாளே படிக்குக் கீழே இருந்த, தூசு உறிஞ்சுகிற ஹூவரை மாடிக்குக் கொண்டுபோய்விட்டாள். அந்த அறைக்குள் அவள் அதன்பின் கை வைக்கவில்லை. அந்த இரண்டு சொல்லும் பொய் என்று சண்முகராசாவுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. இந்த முறை அவள் உண்மையைச் சொன்னால் லைசென்ஸ் போகும், துவக்கும் போகும், ஞாயிற்றுக்கிழமையும் போகும். சொல்லாவிட்டால் இன்னும் ஐந்து வருடம் அவள் அந்தக் கதவைச் சுற்றி நடக்க வேண்டும். இரண்டில் எதை விரும்புவது என்று அவருக்கே விளங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது வீடெல்லாம் புட்டு வாசம்.

"கை கழுவிப்போட்டு வாங்கோ. இண்டைக்குப் புதுக் குழல்லை அவிச்சனான்," என்றாள் கலாவதி.

வழக்கமாக அவர்கள் வீட்டுப் புட்டு உதிரியாகத்தான் இருக்கும். இன்றைக்குச் சாப்பாட்டுக் கோப்பையில் ஒல்லியான இரண்டு உருளைகள் கிடந்தன. பக்கத்தில் கத்தரிக்காய்ப் பால்கறி.

"குழல் ஆர் தந்தது?"

"வேறை ஆர், உங்கட தங்கச்சிதான். புது மொடல் ஒண்டு அனுப்பிறன் எண்டு சொன்னவ. மத்தியானம் பார்சல் வந்தது, உடைச்சுப் பாத்தன். அடித்தட்டும் இல்லை, மூடியும் இல்லை. சுத்திவரத் துளையள் வேறை. ஆவியெல்லாம் வெளியாலை போகுது. பிறகு ஈரச்சீலை சுத்தித்தான் அவிச்செடுத்தன்." அவள் இன்னும் கொஞ்சம் கறி விட்டாள். "ஒல்லியாத்தான் வருது. உங்கட தங்கச்சிக்கு அந்த மெலிவிலை ஒரு ஆசைபோல."

சண்முகராசா புட்டைப் பிய்க்கப் போனவர் நின்றார். உருளையின் பக்கத்தில் சின்னச் சின்ன மேடுகள் எழும்பியிருந்தன. நீள்வட்டமாக, ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியில். இரண்டு மாதமாகப் போனில் பெரிதாக்கிப் பார்த்த வடிவம். அவருக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது. அதற்குப் பின்னாலேயே வியாழக்கிழமை நினைவுக்கு வந்தது.

சொல்ல வேண்டும் என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே ஒரு துண்டை வாயில் வைத்தார். நல்ல புட்டு. இரண்டாவது துண்டையும் வைத்தார். பேசாமல் இருந்து பழகியவருக்கு வாயில் புட்டு இருப்பதும் ஒரு வசதிதான்.

அந்த நேரம் பார்த்து கலாவதியின் போன் அடித்தது. பிளேஸ்டோவிலிருந்து அவருடைய தங்கை தவமலர். கை ஈரமென்று கலாவதி போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"தவமலர், தேங்ஸ். இண்டைக்கே அவிச்சுப் பாத்திட்டன்."

"எதை மச்சாள்?"

"புட்டுக் குழலை."

"என்ன விசர்க் கதை? நான் இன்னும் ஓடரே பண்ணேல்லை. வெள்ளிக்கிழமை சேல் வருது, அதுக்குத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

கலாவதி திரும்பித் தண்ணீர் வடியும் தட்டைப் பார்த்தாள். சட்டிகளுக்கு நடுவில் அந்த உருளை பளபளவென்று சாய்ந்து நின்றது.

"அப்ப உது ஆற்றை?"

"என்ரை," என்றார் சண்முகராசா.

"உங்கடையோ! நீங்கள் எப்ப புட்டு அவிக்க வெளிக்கிட்டனீங்கள்?"

போனுக்குள் தவமலர் விழுந்து விழுந்து சிரித்தாள். "அண்ணை, ரிட்டயர் ஆகிப் புட்டுக்கடை போடப்போறியளோ? நான்தான் முதல் கஸ்டமர்!"

"அது துவக்கின்ரை, கலா. கை பிடிக்கிற இடத்துக்குப் போடுறது."

தவமலரின் சிரிப்பு பாதியில் நின்றது. "மச்சாள்... நான் பிறகு எடுக்கிறன்," என்று வைத்துவிட்டாள்.

கலாவதி உருளையை எடுத்துச் சீலையால் துடைத்தாள். வெளிப்பக்கம், உள்பக்கம், இரண்டு முனையும். பிறகு மேசையில் அவருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"பழுதாப் போச்சோ?"

"இல்லை. வெறும் அலுமினியம்தான்."

அவள் தன் கோப்பையின் முன்னால் உட்கார்ந்தாள். மிச்சப் புட்டை ஆற அமரச் சாப்பிட்டு முடித்தாள். அதிலிருந்து எதையும் படிக்க அவரால் முடியவில்லை.

புதன்கிழமை அவள் பேசியதெல்லாம் பால் முடிந்ததும், மகள் போன் எடுத்ததும், பின்பக்க வேலிப் பலகை ஒன்று கழன்றதும்தான். சண்முகராசா காதுக்குடைச்சியால் துளைகளைத் துடைத்து, ஒரு மூலையில் ஒட்டியிருந்த தேங்காய்ப்பூவை எடுத்தார். உறையைப் பெட்டிக்குள் பூட்டவில்லை. மேசையிலேயே விட்டார். அவள் அதைத் தள்ளி வைத்துவிட்டு மரக்கறி வெட்டினாள்.

வியாழக்கிழமை வந்த அதிகாரி நரைமுடியைக் கட்டையாக வெட்டிய ஒரு பெண். பெட்டியின் போல்ட்டுகளை அசைத்துப் பார்த்தார். துவக்கின் இலக்கத்தை வாசித்துச் சரிபார்த்தார். பிறகு, கணவர் பக்கத்தில் இல்லாமல் மனைவியோடு சில நிமிடம் பேச வேண்டும் என்றார். இருவரும் அடுப்பிருந்த குசினிக்குள் போனார்கள். அது சரியாகச் சாத்துப்படாத கதவு. சண்முகராசா ஹோலில், யாரோ கட்டி வைத்ததுபோல நின்றார்.

கலாவதியின் ஆங்கிலம் மெதுவாக வந்தது. ஒவ்வொரு சொல்லையும் வைத்துவிட்டுத்தான் அடுத்ததை எடுத்தாள்.

"போன முறை வந்தவரிடம் பிரச்சினை இல்லை என்று சொன்னேன். அது பொய்."

சண்முகராசா கண்ணை மூடிக்கொண்டார்.

"அவர் கோபக்காரரா? உங்களைப் பயமுறுத்துகிறாரா?" அதிகாரியின் குரல் மாறியிருந்தது.

"அவரா? கத்திச் சண்டை போட்டாலாவது பரவாயில்லை. வாயைத் திறக்கவே மாட்டார். எனக்குப் பயம் அவரில் இல்லை. அந்தப் பொருளில். எனக்குப் பதினேழு வயதில் எங்கள் வீட்டுக்குத் துவக்கோடு வந்தார்கள். சண்டையில் ஒரு பகுதியார் காலையில், மற்றப் பகுதியார் பின்னேரம். இரண்டு பேருக்கும் அம்மா சாப்பாடு கொடுத்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். இந்த வீட்டிலும் ஐந்து வருடம் அப்படித்தான் நின்றிருக்கிறேன்."

அதிகாரி பேனாவை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"இப்போது?"

"செவ்வாய்க்கிழமை அதன் ஒரு துண்டை, என்னவென்று தெரியாமல் என் கையால் கழுவினேன். தெரிந்த பிறகும் துடைத்தேன். பயம் வரும் வரும் என்று இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் வந்தது. போய்விட்டது."

"அப்படியானால் அவர் வைத்திருப்பதில் உங்களுக்குச் சம்மதமா?"

"ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்விட்டு வந்தால் குளியலறையில் பாடுவார். மோசமாகப் பாடுவார். மற்ற நாளில் அதுகூட இல்லை. வைத்திருக்கட்டும். ஆனால் எனக்கு ஒரு முறைப்பாடு இருக்கிறது, எழுதுங்கள். ஐந்து வருடமாக ஒரு நாளும் எனக்கு அதைத் திறந்து காட்டவில்லை. நான் காணாத ஒன்றுக்குத்தான் இவ்வளவு காலமும் பயந்தேன்."

அதிகாரி சிரித்த சத்தம் கேட்டது. "என் படிவத்தில் அதற்கு இடம் இல்லை. அதை நீங்களே அவரிடம் சொல்லுங்கள்."

அதிகாரி போனதும் சண்முகராசா கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினார்.

"நிண்டு கேட்டனீங்கள்தானே?" என்றாள் கலாவதி.

"ஓம்."

"அப்ப எனக்கு இரண்டாந்தரம் சொல்ல ஏலாது."

அவர் திறப்பை எடுத்துக்கொண்டு வந்தார். குசினி மேசையில் பழைய துவாய் ஒன்றை விரித்தார். துவக்கைக் கொண்டுவந்து, உள்ளே ரவை இல்லை என்பதை முதலில் தான் பார்த்தார்; பிறகு அவளுக்கும் காட்டினார். "இஞ்சை பாரும். வெறுமை." அவள் கையைப் பின்னால் கட்டியபடி எட்டிப் பார்த்தாள். பிளாஸ்டிக் உறையின் திருகாணிகளைக் கழற்றி அதை முன்பக்கமாக இழுத்தார். உறை போனதும் குழல் மட்டும் தனியாகத் தெரிந்தது, பெருவிரல் தடிப்பில்.

கலாவதி வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் கட்டியிருந்த கைகள் எப்போதோ விடுபட்டு மேசை விளிம்பைப் பிடித்திருந்தன.

"இவ்வளவுதானோ?"

"இவ்வளவுதான்."

அவர் வெள்ளி உறையைச் செருகி, ஆணியை அரைவாசி முறுக்கினார்.

"நில்லுங்கோ," என்றாள். "சரிஞ்சு நிக்குது."

"எங்கை?"

"எனக்கு இஞ்சையிருந்து வடிவாத் தெரியுது. இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்புங்கோ. இன்னும் கொஞ்சம். ஓம், இப்ப பிடியுங்கோ." அவள் குனிந்து உறையின் முனையை இரண்டு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டாள். "இறுக்குங்கோ."

அவர் இறுக்கினார்.