பச்சைக் கதவுக்கு ஒரு கண்ணாடிக் கதவு

லவோன் முன்கதவுக்குப் பச்சை அடித்தது அக்டோபரில். காற்றையும் பனியையும் தடுக்க அதற்கு வெளியே மாட்டும் புயல்கதவு முழுக்கக் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்றாள். அப்போதுதான் பச்சை தெரியும்.

"யாருக்குத் தெரியணும்? பக்கத்து வீடே மூணு மைல்," என்றான் அவள் கணவன் ஹார்லன். "இது டகோட்டா, பனிப்புயல் அடிக்கிற ஊரு. தகரக் கதவு போடு. நகைக்கடை வைக்கவா போறே?"

"தகரத்தைப் பாக்கறதுக்கு உன் மூஞ்சியே போதும்."

கண்ணாடியே வந்தது. மேல்பாதியைக் கோடையில் கீழே இறக்கிக்கொள்ளலாம்.

பிப்ரவரியில் பனிப்புயல் வந்தது. முதல் நாள் மத்தியானம், மாடு ஈனப்போகிறது என்று ஹார்லன் கொட்டகைக்குப் போனான். ஒரு மணி நேரத்தில் வருவதாகச் சொன்னான். இரண்டு இரவுகள் போயின. போன் செத்துக் கிடந்தது.

மூன்றாம் நாள் காலையில் காற்று நின்றது. லவோன் பச்சைக் கதவை உள்ளே இழுத்துத் திறந்தாள்.

கண்ணாடிக்கு அப்பால் முற்றம் இல்லை. வாசற்படியிலிருந்து நிலையின் உச்சி வரை பனி நின்றது. வரிவரியாக. காற்றின் ஒவ்வொரு வீச்சும் ஒரு கோடு. நடுவே வயலிலிருந்து வந்த கறுப்பு மண் நூல்போல ஓடியது. மேலே எங்கோ வெயில் இருக்க வேண்டும். பனி முழுவதும் நீலமாக எரிந்தது. அவள் கைகளும் நீலமாயின.

ஐம்பத்தெட்டுக் குளிர்காலம் கண்டவள். பனியை உள்ளிருந்து பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள்.

பிறகு ஹார்லன் நினைவு வந்தது.

புயல்கதவு வெளிப்பக்கம் திறப்பது. தோளால் முட்டினாள். மயிரிழை நகரவில்லை. மேல் கண்ணாடியை இறக்கினாள். பனி சரியும் என்று பின்வாங்கினாள். சரியவில்லை. கண்ணாடியில் இலை இலையாகப் பூத்திருந்த உறைபனியை அச்செடுத்தபடி அப்படியே நின்றது.

கேக் சுடும் தட்டால் தோண்டினாள். கூடமெல்லாம் பனி. முழங்கை ஆழம் போனதும் கூப்பிட்டாள். குரலைப் பனி தின்றது. தோள் வரை தோண்டிவிட்டு மறுபடி கூப்பிட்டாள்.

மேலிருந்து ஏதோ உரசும் சத்தம்.

"ஹார்லன்! உயிரோடதான் இருக்கியா?"

"செத்தவன் மண்வெட்டி பிடிப்பானா? தள்ளி நில்லு."

"மாடு?"

"பொட்டைக் கன்னு. ரெண்டு நாளா அதுங்க மேலயே சாஞ்சு தூங்கினேன். என்கிட்ட வந்துடாதே, நாறுறேன்."

துளை விழுந்தது. வெயில் உள்ளே பாய்ந்தது. புருவத்தில் பனிக்கட்டியோடு ஒரு முகம். அவன் தலைகீழாகச் சறுக்கி, கதவின் கீழ்ப்பாதியைத் தாண்டி அவள்மேல் விழுந்தான். அவள் விடவில்லை. நிஜமாகவே நாறினான்.

பிறகுதான் அவன் திரும்பி, வாசலை அடைத்து நின்ற நீலத்தைப் பார்த்தான். வாய் பிளந்தபடி தரையில் உட்கார்ந்தான்.

"அடியிலிருந்து இப்படியா இருக்கு?" என்றான் மெதுவாக.

கொஞ்ச நேரம் கழித்து வழி வெட்ட எழுந்தான்.

"இரு," என்றாள் லவோன்.

இருந்தான்.