இதில் போட்டுவிட்டு உள்ளே போ

"இதுல போட்டுட்டு உள்ள போ," என்றாள் ட்வைலா.

வெர்லின் பாத்திரத்தைப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். வான்கோழி சுடுகிற பெரிய நீல எனாமல் பாத்திரம் அது. தேவாலயச் சமையலறையிலிருந்து அவளே எடுத்து வந்து, குழந்தையை இடுப்பில் வைப்பது போல இடுக்கிக்கொண்டு, வாசலை அடைத்து நின்றாள். கறுப்பு உடுப்பின் மேல் வென்டலுடைய பழைய கோட்டைப் போட்டிருந்தாள். உள்ளே, பிரசங்க மேடைக்கு முன்னால், மூடிய பெட்டிக்குள் வென்டல் கிடந்தான். முப்பது வருஷம் அவள் புருஷனாக இருந்தவன்.

"எதைப் போடணும்?"

"இடுப்புல இருக்கிறத. வேற எதைக் கேப்பேன், சாவிக்கொத்தையா?"

வெர்லினுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் நின்றார்கள். எல்லோரும் தேவாலயக் காவல் குழு. ஞாயிறுதோறும் ஆராதனை முடியும் வரை ஆளுக்கொரு மூலையில், கோட்டுக்குள் கைத்துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பவர்கள். வென்டலும் அந்தக் குழுவில் இருந்தவன்தான். இன்று அவன் பெட்டியைத் தூக்கப் போகிறவர்கள் இவர்கள்.

"ட்வைலா, அவனுக்கு மரியாதை பண்ணத்தான் எல்லாரும் வச்சிட்டு வந்திருக்கோம்," என்றான் வெர்லின்.

"பண்ண வேண்டிய மரியாதையெல்லாம் ஞாயித்துக்கிழமையே பண்ணி முடிச்சிட்டீங்க. போடு."

வெர்லின் உறையோடு கழற்றிப் போட்டான். எனாமல் டங்கென்று சத்தம் போட்டது. உள்ளே பெஞ்சுகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றாள் ட்வைலா.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்தது இதுதான். அவள் தம்பி ராய்ஸ், குழுவின் தலைவன், எல்லோருடைய கைப்பேசிக்கும் ஒரு செய்தி அனுப்பினான். 'என் கொட்டகையில் யாரோ இருக்கிறான்.' ராய்ஸின் வீடு சாலைக்கு அந்தப் பக்கம். வென்டல் முள்கரண்டியைத் தட்டில் வைத்தான், கைத்துப்பாக்கியை எடுத்தான், போனான். திருடன் பின்பக்கமாக ஓடிவிடக் கூடாது என்று பின்பக்கமாகப் போனான். ராய்ஸ் முன்பக்கமாக வந்தான். தீவனத் தொட்டியைச் சுற்றிக்கொண்டு ஒரு கைவிளக்கும் ஒரு துப்பாக்கியும் வருவதைப் பார்த்தான். இரண்டு முறை சுட்டான்.

தீவனத் தொட்டிக்குள் இருந்தது ஒரு ரக்கூன், தீவனம் தின்ன வந்த பூனையளவுக் காட்டு மிருகம். சத்தம் கேட்டதும் அது தப்பித்து ஓடிவிட்டது.

ஷெரீப்பின் போலீஸ்காரர்கள் வந்தார்கள், அளந்தார்கள், படம் எடுத்தார்கள். சொந்த நிலத்தில், உயிருக்குப் பயந்து சுட்டது, வழக்கில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதைக்கூட ட்வைலா பொறுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஊர் பேசிய பேச்சைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தீவனக் கடையில் பேசினார்கள், தபால் நிலையத்தில் பேசினார்கள், துக்கம் கேட்க வந்து அவள் வீட்டு அடுப்படியிலேயே நின்று பேசினார்கள். வென்டல் பேர் சொல்லிக் கத்தியிருக்க வேண்டுமாம். துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு போயிருக்கக் கூடாதாம். பயிற்சி வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்களாம். கொட்டகையில் ஒரு திருடன் இருந்திருந்தால் இதே வாய்கள் வென்டலைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருக்கும். திருடன் இல்லாமல் போனது வென்டலின் குற்றமாகிவிட்டது.

ட்வைலா துப்பாக்கியைக் கண்டு நடுங்குகிறவள் இல்லை. வீட்டுக் குளிர்பெட்டியில் இருக்கிற மான் அவள் சுட்டது. கோழிக்கூட்டுக்கு வரும் நரிக்காகச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு நீளத் துப்பாக்கி எப்போதும் சாய்ந்திருக்கும். ஊருக்கு உபதேசம் செய்ய அவள் இங்கே நிற்கவில்லை. ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம், வென்டலை இடுப்பில் எதுவும் இல்லாத மனிதர்கள் வழியனுப்ப வேண்டும். அவ்வளவுதான் கேட்டாள்.

மற்ற நால்வரும் போட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்த ஊர்க்காரர்களும் முனகிக்கொண்டே போட்டார்கள். பாத்திரம் கனத்தது. சமையலறையிலிருந்து நேடின் கையைத் துடைத்தபடி வந்தாள். பன்றித்தொடையும் சீஸ் போட்ட உருளைக்கிழங்கும் அடுப்பில் இருந்தன. சாவு வீட்டுச் சாப்பாடு என்றால் இந்த ஊரில் நேடின்தான்.

"என்னடி பண்ணிட்டு இருக்க? ஆம்பளைங்க முகமெல்லாம் சுண்டிப் போச்சு."

"சுண்டட்டும். உன் கைப்பையில இருக்கிறதையும் போடு."

நேடின் குரலைத் தாழ்த்தினாள். "தப்பா நினைக்காத. எங்கம்மாவைத் திருடனுங்க கட்டிப்போட்டு அடிச்சானுங்களே, ஞாபகம் இருக்கா? ஷெரீப் வர முக்கால் மணி நேரம் ஆச்சு. நான் போன்ல கத்திக்கிட்டே இருந்தேன். அன்னைக்கு அம்மா கையில இது ஒண்ணு இருந்திருந்தா..."

"இருந்திருந்தா திருடன் செத்திருப்பான். சந்தோஷம். இங்க திருடன் எங்கடி? காட்டு. இந்தப் பெட்டிக்குள்ளயா இருக்கான்?"

நேடின் கைப்பையைத் திறந்து, வெள்ளைப் பிடி போட்ட சின்னதொன்றை எடுத்துப் பாத்திரத்தில் மெதுவாக வைத்தாள்.

"உனக்காக வைக்கிறேன். நீ சொல்றதை ஒத்துக்கிட்டு இல்ல."

"அது போதும்."

பாஸ்டர் டெல்மார் வேதாகமத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குனிந்தார். கால்சட்டையைத் தூக்கி, கணுக்காலில் கட்டியிருந்ததை அவிழ்த்தார்.

"ஐயா, நீங்களுமா?"

"சுட வர்றவனுக்கு நேரா மேடையில நிக்கிறது நான்தானேம்மா," என்றார் அவர் வெட்கத்தோடு.

வேறொரு நாளாக இருந்தால் ட்வைலா சிரித்திருப்பாள். வென்டலிடம் போய்ச் சொல்லியிருப்பாள், அவன் வயிறு குலுங்கச் சிரித்திருப்பான். அதை நினைத்ததும் கோபம் இன்னும் ஏறியது.

கடைசியாக ராய்ஸ் வந்தான். நாலு நாளில் பாதியாக இளைத்திருந்தான். கழுத்துப்பட்டையை ஒழுங்காகக் கட்டவில்லை, கண்ணிமைகள் வீங்கியிருந்தன. வென்டலோடு ஒரே படகில் உட்கார்ந்து மீன் பிடித்தவன். தன் சட்டையைக் கழற்றி வென்டலுடைய காயத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் வரும் வரை குழந்தை மாதிரி அலறியவன். அவனுக்குச் சாபம் கொடுக்க அவளுக்கு வாய் வரவில்லை. ஆறாவது ஆளாகப் பெட்டியைத் தூக்க அவன் வரட்டும் என்று நேற்றே வெர்லினிடம் சொல்லியிருந்தாள்.

"உங்கிட்ட வாங்க ஒண்ணுமில்ல. உன்னுது ஷெரீப்கிட்ட இருக்கு. உள்ள போடா," என்றாள்.

ராய்ஸ் நகரவில்லை. அவன் கோட்டின் வலது பக்கம் புடைத்துக்கொண்டிருந்தது.

"நேத்து திருப்பிக் குடுத்துட்டாங்கக்கா."

ட்வைலாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் பாத்திரத்தை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"அதேவா?"

"அதேதான்."

"அதை மாட்டிக்கிட்டா அவனைப் புதைக்க வந்த?"

"அக்கா, எல்லாரும் போட்டுட்டாங்க. உள்ள ஊரே இருக்கு, குழந்தைங்க இருக்கு. வாசல்ல ஒருத்தன் கையிலயாவது இருக்கணும். இது வென்டல் வச்ச விதிதானே?"

"போடு."

"முடியாதுக்கா."

"ஏன்டா முடியாது?"

அவன் குனிந்தான். அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான். "இதைக் கழட்டிட்டா, நான் பண்ணது தப்புன்னு ஆயிடும்."

"ஆகட்டுமே."

ராய்ஸ் தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான்.

பின்னாலிருந்து பாஸ்டர் அவள் தோளைத் தொட்டார். "ட்வைலாம்மா, நீ கேட்டதை எல்லாரும் செஞ்சிட்டாங்க. காலம் கெட்டுக் கிடக்கு. ஒருத்தர்கிட்ட இருந்தா நல்லதுதானே? ஒண்ணே ஒண்ணு."

அவள் வெர்லினைப் பார்த்தாள். அவன் தன் காலணியைப் பார்த்தான். நேடினைப் பார்த்தாள். நேடின் ஜன்னலைப் பார்த்தாள். ஒருவராவது, ஒரே ஒருவராவது வாயைத் திறப்பார்கள் என்று காத்திருந்தாள். உள்ளே யாரோ இருமினார்கள்.

"இந்தப் பாத்திரத்துல கிடக்கிறது ஒண்ணுகூட யாரையும் கொன்னதில்ல," என்றாள் ட்வைலா. அவள் குரல் கடைசிப் பெஞ்சு வரை போயிற்று. "இதையெல்லாம் வெளிய வச்சிட்டு, அவனைக் கொன்ன அந்த ஒண்ணை மட்டும் உள்ள விடணும். அதுதானே? அதுதான் உங்களுக்கெல்லாம் பாதுகாப்பு?"

அவள் நடைவழியில் நடந்தாள். வருகிறவர்கள் பெயர் எழுதுகிற மேஜையின் மேல் பாத்திரத்தை வைத்தாள். கை மரத்துப் போயிருந்தது. உதறிக்கொண்டாள்.

"வெர்லின், பெட்டியத் தூக்குங்க."

"இன்னும் பாட்டே பாடலையே. ஜெபம்..."

"எல்லாம் குழிகிட்ட நடக்கும். தூக்குங்க."

"வெளிய தூறுது ட்வைலா, ஒரே சேறு," என்றார் பாஸ்டர்.

"வென்டல் பஸ் ரிப்பேர் பண்றவன், பஸ்ஸுக்கு அடியில படுத்தே பாதி ஆயுசைக் கழிச்சவன். அவனுக்கு என்ன சேறு? நனைய முடியாதவங்க இங்கயே உக்காருங்க. உங்களைத்தான் பாத்துக்க ஆள் இருக்கே."

வெர்லின் முதலில் வந்தான். மற்ற நால்வரும் வந்தார்கள். இடது பக்கத்தின் கடைசிக் கைப்பிடி காலியாக இருந்தது. அது ராய்ஸின் இடம். ட்வைலா கோட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அதைப் பிடித்தாள். கனம் தோளைப் பிடுங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

வாசலில் ராய்ஸ் ஒதுங்கி வழிவிட்டான். பெட்டி தாண்டும்போது அவன் கை தானாகக் கைப்பிடியை நோக்கி நீண்டது.

"நீ வாசலைப் பாத்துக்க," என்றாள் அவள்.

கை பின்வாங்கியது.

யாரும் பின்னால் வருவார்கள் என்று அவள் நினைக்கவில்லை. தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் புல்வெளியில் பாதி தாண்டியபோது ஈரத்தில் காலடிச் சத்தம் கேட்டது. நேடின் சமையல் துணியைத் தலைக்கு மேல் பிடித்தபடி வந்தாள். அவளுக்குப் பின்னால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வந்தார்கள். பிறகு ஆண்கள், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. வெறும் கைகளோடு தூறலில் நிற்க அவர்களுக்குப் பழக்கமில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்கள்.

பாஸ்டர் நனைந்த பக்கங்களைப் பிரித்து வாசித்தார். வென்டல் நல்ல அண்டைவீட்டுக்காரன் என்றார். ட்வைலா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பெட்டி கயிற்றில் இறங்கியது. ஒரு பிடி மண்ணை எடுத்துப் போட்டாள். அது மண்ணாக இல்லை, சேறாக இருந்தது, விரல்களில் ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது. உதறிப் போட வேண்டியிருந்தது.

நிமிர்ந்தபோது தேவாலயம் தெரிந்தது. கதவுகள் விரியத் திறந்திருந்தன. எல்லா விளக்குகளும் எரிந்தன. பெஞ்சுகளில் ஒருவரும் இல்லை. மேஜையின் மேல் நீலப் பாத்திரம் அப்படியே இருந்தது. வாசல் நடுவில் ராய்ஸ், பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி கால்களை அகட்டி, முதுகை நிமிர்த்தி, கோட்டின் வலது பக்கத்தைச் சற்றே விலக்கிவிட்டுக்கொண்டு, சாலையைப் பார்த்து நின்றான்.

சாலையில் யாரும் வரவில்லை.