கார்டியன் பதவிக்கு இரண்டு பேர்

கிரேன்காரனுக்கு அன்று தலைகால் புரியவில்லை. வேலைக்கு லீவு போட்டு, முகம் மழித்து, கல்யாணங்களுக்கு மட்டும் எடுக்கும் சட்டையை மாட்டிக்கொண்டு வக்கீல் அலுவலகத்துக்குக் கிளம்பினான். அவனுடைய அக்காவும் மாமாவும் உயில் எழுதுகிறார்கள். தங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான்கு வயது மகளுக்கு யார் கார்டியன் என்று அதில் எழுத வேண்டுமாம். "நீதான்டா" என்று அக்கா போனில் சொல்லிவிட்டாள். அவன் சுண்டெலி என்று கூப்பிடும் அந்தக் குட்டி என்றால் அவனுக்கு உயிர். அதுவரை குடும்பத்தில் யாரும் அவனை நம்பி ஒரு பூனைக்குட்டியைக்கூட ஒப்படைத்ததில்லை.

உள்ளே போனால் மாமாவின் அக்கா உட்கார்ந்திருக்கிறார். பள்ளித் தலைமை ஆசிரியை. அவரும் பளிச்சென்று வந்திருந்தார். "என் தம்பி என்னைத்தான் கார்டியனா எழுதப் போறேன்னு சொன்னான்" என்றார்.

அக்காவும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்துத் திருதிருவென்று விழித்தார்கள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஆளுக்கொரு பக்கம் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். இதற்கும் ஒரு திறமை வேண்டும்.

வக்கீலம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "ரெண்டு பேரையும் எழுதலாம். முதல்ல ஒருத்தர், அவரால முடியலைன்னா இன்னொருத்தர். சரி, அப்படி ஒண்ணு ஆச்சுன்னா முதல்ல என்ன செய்வீங்க?"

தலைமை ஆசிரியை தயாராக வந்திருந்தார். "மாடி ரூமை அவளுக்குன்னே ஒதுக்கிட்டேன். அன்னைக்கே கூட்டிட்டுப் போயிடுவேன். என் ஸ்கூல்லயே சேத்துடுவேன்."

அவனிடம் மாடியும் இல்லை, ஸ்கூலும் இல்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகிறதே என்று தோன்றியது. மனதில் பட்டதைச் சொன்னான்.

"நான் அவளை அவ வீட்லேருந்து கிளப்ப மாட்டேன். கிரேன்ல அதான் முதல் பாடம். இறக்குற இடம் சரியா இருக்கான்னு பாக்காம எதையும் தூக்கக் கூடாது. அவ அவளோட கட்டில்லயே தூங்கட்டும். நான் பெட்டிய எடுத்துக்கிட்டு அங்க வந்துடுவேன்."

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மார்க் போடுவதில் கறாரானவர். "இவர் பேரையே முதல்ல எழுதுங்க" என்றார். "லீவுக்கு மட்டும் எங்கிட்ட அனுப்பிடணும் தம்பி, சொல்லிட்டேன்."

கிரேன்காரனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜெயித்துவிட்டான். சுண்டெலிக்குத் தலை பின்னுவதும் சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுப்பதுமாக மனம் எங்கெங்கோ ஓடியது. வக்கீலம்மா எழுதியதைப் படித்துக்காட்டினார். "நாங்கள் இருவரும் உயிரோடு இல்லாத பட்சத்தில்..."

காலையிலிருந்து அவன் அதை நினைக்கவே இல்லை. எதிரே அக்கா. வேலை பார்க்கும் பேக்கரியிலிருந்து நேரே வந்திருந்தாள், முழங்கையில் இன்னும் மாவு. அவனைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள்.

"சம்மதம்னு கையெழுத்துப் போடுறேன்க்கா" என்றான். "ஆனா இந்த வேலை எனக்கு வேண்டாம். நீயே பாத்துக்க."