அண்ணன் பெயரில் ஒரு வரி

பெயர் ஒட்டாமல் வரும் இரத்த மாதிரிக் குழாயை அவள் தொடக்கூட மாட்டாள். இன்னாருடையதுதான் என்று செவிலியர் சத்தியம் செய்தாலும், மருத்துவரே நேரில் வந்து நின்றாலும், மறுபடி எடுத்து வரச் சொல்லிவிடுவாள். மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் உடன் வேலை செய்பவர்களுக்கு இது பழகிப்போயிருந்தது.

வேலை நேரம் போக, இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் கட்டுரைகளைத் திருத்துவாள். அங்கே அவள் வைத்துக்கொண்ட பெயர் ஊசி. அங்கேயும் இதே பிடிவாதம்தான். சான்று இல்லாத வரி கண்ணில் பட்டால் நீக்கிவிடுவாள். ஏன் நீக்கினேன் என்று ஒரு வரி எழுதி வைப்பாள். சண்டைக்கு வருபவர்களிடம் கோபப்படவும் மாட்டாள், இறங்கி வரவும் மாட்டாள்.

பெரும்பாலும் நோய்களைப் பற்றிய கட்டுரைகள்தான் அவள் வேலை. ஒரே ஒரு கட்டுரையை மட்டும் எட்ட நின்றே படித்துவந்தாள். அது ‘கடைசித் துறை’ என்ற வீடியோ கேம் வரிசையைப் பற்றியது. வெள்ளத்தில் மூழ்கிய நகரத்தில் மிச்சமிருக்கும் மனிதர்களைத் தேடித்தேடிக் கரை சேர்க்கும் ஒரு படகோட்டியின் கதை. முதல் பாகத்தை, தையல் கடை மாடியில் வாடகைக்கு எடுத்த ஓர் அறையில் சில பேர் சேர்ந்து உருவாக்கினார்கள். பிறகு பெரிய நிறுவனம் ஒன்று அதை வாங்கி அடுத்தடுத்த பாகங்களை வெளியிட்டது. அந்த மாடி அறையில் இருந்தவர்களில் ஒருவன் அவளுடைய அண்ணன்.

இரண்டாம் பாகம் வந்த வருடம் அவன் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனான். ‘அந்தக் கதையே அவன் எழுதியதுதான்’ என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அவளும் பரிசோதனைக் கூடத்தில் அப்படித்தான் சொல்லியிருந்தாள். பிள்ளைகள் அந்தக் கேமை விளையாடுகிறார்கள் என்று யாராவது சொன்னால் போதும், கதை எங்கள் அண்ணனுடையது என்பாள்.

புதிய பாகம் வெளிவந்ததை ஒட்டி, அந்தக் கட்டுரையைக் கலைக்களஞ்சியத்தின் முகப்பில் வைப்பது என்று முடிவாயிற்று. முகப்புக்குப் போகும் கட்டுரையை ஒவ்வொரு வரியாகச் சலித்தெடுப்பது வழக்கம். பொறுப்பை எடுத்துக்கொண்டவர் ஆமை என்ற பெயரில் எழுதுபவர். பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளர். ஒரு வரியைச் சரிபார்க்க ஒரு வாரம் எடுத்துக்கொள்வார் என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். விற்பனைக் கணக்கை நிறுவனத்தின் விளம்பரத்திலிருந்து எடுக்கலாமா, ரசிகர்கள் நடத்தும் தளம் சான்றாகுமா, மூழ்கிய நகரம் எந்த நகரம் என்று யாராவது அச்சில் சொல்லியிருக்கிறார்களா என்று, திருத்துபவர்கள் விவாதிக்கும் உரையாடல் பக்கம் நீண்டுகொண்டே போனது. அவள் மதிய இடைவேளையில் அதைப் படிப்பாள். ஒரு சொல்கூட எழுத மாட்டாள்.

ஒருநாள் கட்டுரைக்குள் புதிய வரி ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. முதல் பாகத்தின் கதையை எழுதியவர் இன்னார் என்று அவளுடைய அண்ணன் பெயர். சான்று எதுவும் இல்லை. சற்று நேரத்தில் ஆமை அதை நீக்கினார். மறுபடி வந்தது. மறுபடி நீக்கினார். மூன்றாம் முறை வந்தபோது வரியோடு ஒரு குறிப்பும் இருந்தது. ‘செத்துப்போனவர் வந்து சாட்சி சொல்ல முடியாது. தயவுசெய்து நீக்காதீர்கள்.’ அதைப் படித்ததும் அவளுக்கு யார் என்று விளங்கிவிட்டது. அண்ணிதான், அவர் வழக்கமாகச் சொல்லும் வார்த்தைகள் அவை.

அவளுக்கு அன்று வேலை ஓடவில்லை. தன் கண் முன்னே அண்ணன் பெயரை யாரோ அழிக்கிறார்கள். அழிப்பவர் செய்வதில் தப்பே இல்லை. அவர் இடத்தில் அவள் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். கடைசியில் உரையாடல் பக்கத்தைத் திறந்து எழுதினாள்.

‘இந்த வரியில் பெயர் வந்திருப்பவர் என் உடன்பிறந்த அண்ணன். வரியைச் சேர்த்தது நான் இல்லை. எனக்கு இதில் சார்பு இருப்பதால் இந்தக் கட்டுரையில் கை வைக்க மாட்டேன், முடிவெடுப்பதிலும் கலந்துகொள்ள மாட்டேன். வரி உண்மை என்று நம்புகிறேன். என்னிடம் சான்று இல்லை.’

அன்று மாலையே அண்ணி வீட்டுக்குப் போனாள். அண்ணி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்பவர். அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, மாடிக் கம்பியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார். அவள் எழுதியதை அண்ணி ஏற்கெனவே படித்திருந்தார். வா என்று சொன்னதோடு சரி, முகம் கொடுத்துப் பேசவில்லை. துணி மடிப்பதிலேயே கவனமாக இருந்தார்.

அவள் விதிகளை எடுத்துச் சொன்னாள். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றிருக்கும் இடத்தில் சான்று கேட்காவிட்டால் குப்பை சேர்ந்துவிடும் என்றாள். அண்ணி முழுவதையும் கேட்டார்.

“ஊர்ல உள்ளவன் கேக்கட்டும், நான் வேண்டாம்னு சொல்லல,” என்றார் பிறகு. “கூடப் பொறந்தவ நீ. உனக்குமா ஆதாரம் வேணும்?”

அவள் மடித்த துணிகளை உள்ளே கொண்டுபோய் வைக்கக் கை கொடுத்தாள். காபி போடட்டுமா என்று அண்ணி கேட்கவில்லை. அந்த வீட்டில் அவளுக்கு அப்படி நடந்ததே இல்லை.

இரண்டொரு நாள் கழித்து ஆமை அவளுக்குச் செய்தி அனுப்பி, பேசலாமா என்று கேட்டார். வருடக்கணக்கில் ஒரே பக்கங்களில் எழுதிவந்தவர்கள் என்றாலும் ஒருவர் குரலை ஒருவர் கேட்டதில்லை. தொலைபேசியில் அவர் குரல் அவள் நினைத்ததைவிட இளமையாக இருந்தது. பின்னால் பேருந்துகள் உறுமிக்கொண்டிருந்தன.

“மன்னிப்பு கேக்கக் கூப்பிடலைங்க. நீக்கினது சரிதான்,” என்றார். “ஆனா ‘நம்புகிறேன்’னு எழுதியிருந்தீங்க. இத்தனை வருஷத்துல உங்க எழுத்துல அந்த வார்த்தையை நான் பாத்ததே இல்ல. அது மனசுல கெடந்து உறுத்துது.”

பிறகு விஷயத்துக்கு வந்தார். கேம்களைப் பற்றி எழுதும் பத்திரிகை ஒன்றின் செய்தியாளர், முதல் பாகம் உருவான கதையை விரிவாக எழுதப்போகிறாராம். அதற்காக அன்றைய தலைமை வடிவமைப்பாளரைச் சந்திக்கவிருக்கிறாராம். இந்தக் கேள்வியையும் அவரிடம் கேட்கச் சொல்லலாமா என்று கேட்டார். நாம் கேட்டால் அது வெறும் பேச்சு, அவர் கேட்டு அச்சில் வந்தால் அது சான்று என்றார்.

“பதில் எப்படி வேணா வரலாம்,” என்று நிறுத்தினார். “அதையும் யோசிச்சுக்குங்க.”

கேட்கச் சொல்லுங்கள் என்றாள். என்ன பதில் வரவேண்டும் என்று விரும்புகிறாள் என்பதைச் செய்தியாளருக்குத் தெரிவிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாள்.

பத்திரிகைக் கட்டுரை வெளியானபோது அவள் பரிசோதனைக் கூடத்தின் பக்கத்து அறையில் சாப்பிட உட்கார்ந்திருந்தாள். மருந்துகள் வைக்கும் குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. சாப்பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டுப் படித்தாள்.

கதை முழுக்கத் தன்னுடையது என்று தலைமை வடிவமைப்பாளர் சொல்லியிருந்தார். சிறு வயதில் தன் குடும்பம் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டதையும், முதல் வரைவு எழுதிய விதத்தையும் விவரித்திருந்தார். அண்ணனைப் பற்றிச் செய்தியாளர் கேட்டதற்கு, அவர் கேமை விளையாடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்க வந்த சோதனையாளர் என்றிருந்தார். பக்கத்தை மூடப்போனவள், அடுத்த பத்தியில் மறுபடி அண்ணன் பெயரைக் கண்டு நின்றாள்.

முதல் பாகத்தில் ஒரு கட்டம் உண்டு. படகு ஒரு வீட்டுப் படிக்கட்டில் போய் நிற்கும். இதோ வருகிறேன் என்று உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கொடுப்பாள். வரமாட்டாள். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் படகு நகராது. சும்மா காத்திருக்க வேண்டும். ரொம்ப நேரம் கழித்து, எதை எடுப்பது எதை விடுவது என்று தெரியாமல், வெறுங்கையோடு அவள் இறங்கி வருவாள். அந்த வரிசையிலேயே அதிகம் பேசப்பட்ட கட்டம் அதுதான்.

தலைமை வடிவமைப்பாளர் சொல்லியிருந்தார்: “என் கதையில் அந்தப் பெண் கூப்பிட்டதும் வந்துவிடுவாள். வீட்டை விட்டுக் கிளம்புகிறவள் அப்படி வரமாட்டாள் என்று அவர்தான் சொன்னார். ஆடுகிறவர்கள் பொறுமையிழந்து எழுந்து போய்விடுவார்கள் என்றேன். போகட்டும் என்றார். மாதக்கணக்கில் சண்டை போட்டோம். கதை என்னுடையது. அந்தப் படிக்கட்டு அவருடையது. நன்றிப் பட்டியலில் கூட்டத்தோடு கூட்டமாக அவர் பெயரைப் போட்டது நான் செய்த தப்பு.”

அவள் அதைப் பலமுறை படித்தாள். பெருமையாகவும் இருந்தது, எதையோ பறிகொடுத்தது போலவும் இருந்தது. உடன் வேலை செய்பவள் வந்து, ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டாள். எங்கள் அண்ணன் அந்தக் கதையை எழுதவில்லையாம் என்றாள். அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

உரையாடல் பக்கத்தில் ஆமை ஒரு வரியை எழுதி மற்றவர்கள் பார்வைக்கு வைத்திருந்தார். படிக்கட்டுக் கட்டத்தின் யோசனை, சோதனையாளராகப் பணியாற்றிய இன்னாருடையது எனத் தலைமை வடிவமைப்பாளர் கூறியுள்ளார் என்று, சான்றோடு. எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அது கட்டுரைக்குள் போவதற்கு முன் தான் சொல்லவேண்டிய ஓர் ஆள் இருக்கிறார் என்று அவள் கேட்டுக்கொண்டாள். எவ்வளவு நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், நான் ஆமைதானே என்று பதில் வந்தது.

அண்ணி இந்த முறை கதவைத் திறந்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் செய்தியாளர் எழுதியதை முழுக்கப் படித்துக் காட்டினாள். நல்ல பகுதியை முதலில் படித்து ஆறுதல் சொல்லலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவள், கடைசியில் இருந்தது இருந்தபடியே படித்தாள்.

“அப்ப, அவரு பொய் சொன்னாரா?” என்று அண்ணி மெல்லக் கேட்டார்.

“அண்ணன் வாயால சொல்லி நான் கேட்டதா ஞாபகமே இல்ல அண்ணி. நீங்க சொன்னதாத்தான் ஞாபகம்.”

“எனக்கு நீதானே சொன்ன.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பாவாக இருக்குமோ என்று அவள் யோசித்தாள். அப்பா பிள்ளையைப் பற்றி எதையும் ஒரு சுற்றுப் பெருக்கித்தான் சொல்வார். அவரும் இப்போது இல்லை.

“ஒரே ஒரு தடவை அவர்கிட்டயே கேட்டேன்,” என்றார் அண்ணி. “ஆஸ்பத்திரியில, மெஷின்ல ரத்தம் சுத்தி வந்துட்டு இருக்கு. எல்லாரும் சொல்றாங்களே, கதை நீங்க எழுதினதான்னு கேட்டேன். சிரிச்சாரு. அப்ப அவரு சிரிச்சுப் பாக்கறதே பெரிய விஷயம். அதுக்கு மேல நான் எதையும் கேக்கல.”

அதற்குப் பிறகு அண்ணி அழுதார். அவளும் அழுதாள். இறந்த புதிதில்கூட இருவரும் சேர்ந்து அழுததில்லை. வந்தவர்களை ஓடியாடிக் கவனிப்பதிலேயே அந்த நாட்கள் போய்விட்டிருந்தன.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்த அண்ணி, அந்தப் படிக்கட்டுக் கட்டம் தனக்குத் தெரியும் என்றார். விடுதியில் படிக்கும் மகள் வீட்டுக்கு வந்து விளையாடும்போது பார்த்ததுண்டாம். இந்த இடம் மட்டும் ஏன் இப்படி உயிரை வாங்குகிறது என்று மகள் திட்டிக்கொண்டே காத்திருப்பாளாம்.

“அந்த வரியப் போடச் சொல்லு,” என்றார். “நான் எழுதினத நீக்கினதுக்கு அவர்மேல எனக்கு வருத்தமில்லைன்னும் சொல்லிடு.” பிறகு அடுப்படிக்குப் போய்க் காபிக்குப் பால் வைத்தார்.

கட்டுரை முகப்பில் வந்தது. ஒருநாள் முழுக்க இருந்துவிட்டு, வழக்கம்போல் அடுத்த கட்டுரைக்கு இடம் விட்டது. அண்ணன் பெயர் கொண்ட வரி யாராலும் நீக்கப்படாமல் அதன் இடத்தில் இருந்தது.

விடுமுறைக்கு அண்ணன் மகள் விடுதியிலிருந்து வந்தபோது, தோழி ஒருத்தியையும் கூட்டி வந்திருந்தாள். அண்ணி அத்தையையும் சாப்பிட வரச்சொல்லியிருந்தார். சாப்பிடும்போது தோழி, இவளுடைய அப்பாதான் ‘கடைசித் துறை’ கதையை எழுதினாராமே என்று ஆசையாகக் கேட்டாள். அண்ணன் மகள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அத்தை வாயைத் திறப்பதற்குள் அண்ணி பேசினார்.

“இல்லம்மா, கதை வேற ஒருத்தர் எழுதினது. இவங்க அப்பா அதை விளையாடிப் பாத்துத் தப்புக் கண்டுபிடிக்கிற வேலையில இருந்தாரு. அந்தப் படிக்கட்டு வீடு வருதே, அது மட்டும் அவரோடது.”

தோழி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அந்த இடத்தில் தான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தும் அந்தப் பெண் இறங்கி வந்திருக்கவில்லை என்று சொன்னாள். அண்ணி அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார். அப்புறம் எவ்வளவு நேரம் காத்திருந்தாய், நடுவில் விட்டுவிடலாம் என்று தோன்றவில்லையா என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார்.