கரண்டிச் சத்தம்

எங்கள் சமையல் சேனலில் யாரும் பேசக் கூடாது. விறகு வெடிக்கிற சத்தம், அம்மியில் மிளகு நசுங்குகிற சத்தம், கடுகு பொரிகிற சத்தம், இவை போதும், எந்தப் பாஷைக்காரனும் உட்கார்ந்து பார்ப்பான் என்பான் இளங்கோ. செம்மேட்டில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன் அவன். அதே மலையில் எங்கள் ஊர்கள் சேர்ந்த திண்ணனூர் நாட்டுக்கு வந்து, எங்கள் பலாமரத்தடியில் அடுப்புக் கூட்டி, என் மனைவி கோகிலவாணியைச் சமைக்க வைத்துப் படம் பிடித்தான். முகம் காட்ட அவளுக்குக் கூச்சம். அதனால் கைகள் மட்டும்தான் தெரியும்.

கூலி வேலை இல்லாத நாட்களில் நான் கேமராவில் படாமல் ஓரமாகக் குந்தி விறகு தள்ளுவேன்.

முதலில் அவளால் வாயை அடக்க முடியவில்லை.

"ஏனுங்க, தீயப் பாருங்க, அடிப்புடிக்குது!"

"அக்கா, பேசாதீங்க. மைக்கு விறகுக்குப் பக்கத்துலதான் இருக்குது."

"விறகு வெடிச்சாப் பரவால்ல, நான் பேசுனாத்தான் குத்தமா சாமி?"

இளங்கோ சிரித்துக்கொண்டே மறுபடி எடுப்பான். பேசின இடத்தையெல்லாம் வெட்டி எறிவான். கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். சட்டி விளிம்பில் கரண்டியால் ஒரு தட்டு தட்டினால் தண்ணீர் வேண்டும். இரண்டு தட்டினால் விறகு தள்ள வேண்டும். சட்டியை இறக்கி வைத்துவிட்டு வேகமாக மூன்று தட்டினால், வாங்க, சாப்பிடலாம். கரண்டியில் ஒட்டினதை உதறுகிறாள் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைத்தார்கள். இளங்கோவும் அப்படித்தான் நினைத்தான். வீடியோவுக்குக் கீழே வருகிற கமெண்டுகளை நான் எழுத்துக் கூட்டி அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். "அந்தக் கரண்டிச் சத்தம் கேட்டாலே பசிக்கிறது" என்று யாரோ எழுதியிருந்ததற்கு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. வேன் பிடித்து மலையிறக்கினோம். வளைவுகள் முடிவதற்குள் என் மடியிலேயே அடங்கிப்போனாள்.

காரியம் முடிந்து திருப்பூருக்குத் திரும்பிய மகள் பூங்குழலி போன் செய்தாள். "அப்பா, அம்மா குரல் காதுல நிக்க மாட்டேங்குது. எப்படிக் கூப்புடும்னு நெனச்சுப் பாத்தா சரியா வரமாட்டேங்குது. இளங்கோகிட்டக் கேட்டு ஒரு வார்த்தையாவது வாங்கி அனுப்புங்கப்பா."

மூட்டை ஏற்றுகிற வேலையைப் போட்டுவிட்டுச் செம்மேட்டுக்குப் போனேன். இளங்கோ கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் திறந்தான். சாமைச் சோறு, மரவள்ளிக்கிழங்கு, கொள்ளு ரசம். முகப்பில் பெரிய மஞ்சள் எழுத்து, அதன் அடியில் அவள் கை.

"வெட்டுனதெல்லாம் எங்க கண்ணு?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "வீடியோ ஏத்துனதும் கார்டை அழிச்சுருவேன், பூபதி மாமா. அடுத்ததுக்கு எடம் வேணுமில்லீங்க. அக்கா பேசுனது ஒண்ணுகூட இல்லீங்க."

அவனை என்ன சொல்வது? அவன் வேலை அது.

கொள்ளு ரசம் ஓடிக்கொண்டிருந்தது. சட்டியை இறக்கினாள். டக், டக், டக்.

அது பேச்சு என்று இளங்கோவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதையும் வெட்டியிருப்பான்.

அந்தத் துண்டை மட்டும் பூங்குழலிக்கு அனுப்பச் சொன்னேன். பஸ் ஸ்டாண்டுக்கு வருவதற்குள் அவளே கூப்பிட்டாள்.

"இது கரண்டிச் சத்தம்தானேப்பா?"

தண்ணீருக்கு ஒன்று, விறகுக்கு இரண்டு என்று சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், "எல்லாம் உங்களையத்தான் கூப்புட்டிருக்குது. என்னைய ஒரு வாட்டிகூடக் கூப்புடலையா?" என்றாள்.

பஸ் வந்து நின்றது. நான் ஏறவில்லை.

"அந்த மூணு தட்டு உனக்குத்தான் கண்ணு. சோறு எறக்குனதும் அவளுக்கு உன் நெனப்பு வந்துரும். பூங்குழலி சாப்ட்டாளோ என்னமோன்னு கேக்கறது அது."

"நெசமாவாப்பா?"

"நெசந்தான் சாமி."

அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது. இப்போது கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் அதைப் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் டப்பாவைத் திறக்கிறாளாம்.

நானும் அந்த வீடியோவைப் பார்ப்பதுண்டு. ஒரு தட்டு வரும்போது கை தண்ணீருக்குப் போகிறது. இரண்டு வரும்போது விறகுக்குப் போகிறது. சட்டியை இறக்குகிற இடம் வந்ததும் நிறுத்திவிடுகிறேன். அதற்குமேல் இருப்பது மகளுக்குக் கொடுத்தது.